பயம் உண்டா என்று கேட்டவர்

தடுப்பூசி முகாமில் இருந்தபோது போன் வந்தது. ஹோமியோபதி மருத்துவர் வேதமூர்த்தி அவர்கள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்று அவரது மனைவி சொன்னார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் இரண்டுமே அடங்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் எங்கள் சுகாதார நிலையத்துக்கு எதிரிலேயே அவர் கிளினிக். நான் நர்ஸாக வந்த புதிதில், "இந்தச் சக்கரை உருண்டையில இன்னா சார் இருக்குது?" என்று கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு கதை சொன்னார். ஜெர்மனியில் ஒரு வைத்தியர், உடம்பு நன்றாக இருக்கும்போதே, குளிர்ஜுரத்துக்குக் கொடுக்கும் சின்கோனா பட்டையைத் தின்று பார்த்தாராம். அவருக்கே குளிர்ஜுரம் கண்டதுபோல் ஆயிற்றாம்.

"எது ஒரு நோவைக் குடுக்குதோ, அதையே துளியூண்டு குடுத்தா அந்த நோவு போவும்னு அப்பதான் அவருக்குத் தோணிச்சு சிஸ்டர்."

"கரைச்சுக் கரைச்சு ஒண்ணுமே இல்லாம பண்ணிட்டு மருந்துன்றீங்களே சார்!"

சிரித்துவிட்டார்.

கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்களை உட்காரவைத்து நெடுநேரம் விசாரிப்பார். நோயின் பெயருக்கு மருந்தில்லை, ஆளுக்குத்தான் மருந்து என்பது அவர் கட்சி. தாகம் எப்படி, எந்தப் பக்கம் படுத்தால் வலி என்றெல்லாம் கேட்டு, கடைசியாக, "பயமா இருக்குதா?" என்பார். பதிலை நோட்டில் எழுதிக்கொள்வார். ஆனால் மூன்று நாள் ஜுரம் என்றால், "மொதல்ல எதிர்ல போயி மலேரியா டெஸ்ட்டுக்கு ரத்தம் குடு" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். எத்தனையோ பேர் அப்படிப் பிழைத்தார்கள்.

போன மாதக் கடைசியில் மலைக்குப் போய் வந்தவருக்கு ஜுரம் கண்டது. மூன்றாம் நாள் போய்ச் சண்டை போட்டேன்.

"ரத்தம் குடுங்க சார்."

"நோவோட குறியெல்லாம் இன்னும் முழுசா வரல சிஸ்டர். எழுதிக்கினு இருக்கேன். வந்ததும் மருந்து எடுத்துப்பேன்."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"எனக்கு இன்னா பயம்?"

நம்பித் தொலைத்தேன். மறுநாள் வேலை மும்முரத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் நினைவு தப்பிய பிறகுதான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

நேற்று அவர் மனைவி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் தாகம், தலைவலிக்குக் கீழே, கோணிய எழுத்தில் இருக்கிறது: "பயம் உண்டு. சிஸ்டரிடம் சொல்லவில்லை."

போய் வாருங்கள் சார். ஊரையெல்லாம் எதிரே அனுப்பிய நீங்கள், ஒருமுறை தெருவைத் தாண்டி வந்திருக்கக் கூடாதா?