மஞ்சள் கல்லும் ஒரு டம்ளர் பாலும்

எங்கள் வீட்டில் உப்பு இரண்டு இடத்தில் இருந்தது. அடுப்படியில் ஒரு ஜாடி. பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், காற்றுப் புகாத ஒரு டப்பா. ஜாடியில் இருந்தது எல்லோருக்கும். டப்பாவில் இருந்தது எனக்கு மட்டும்.

அதன் பெயர் ஹாங்க்சைட். உப்பு ஏரிகள் வற்றும்போது அடிச்சேற்றில் விளையும் கனிமம். வெளிர் மஞ்சள், கண்ணாடி மாதிரி தெளிவு. ரத்தினம்போலப் பட்டை தீட்டிய ஹாங்க்சைட் வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு, ஏனென்றால் அது தண்ணீரில் கரையும். மழைக்காலத்துக் காற்றே அதற்கு எமன். ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் அந்த டப்பாவை நான் திறக்கவே மாட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வருடக்கணக்காக உப்பைத் துரத்தியவளுக்கு உப்பின் மேலேயே ஆசை வந்தது என்றால் சிரிப்பார்கள். ஆய்வகத்தில் சிரிக்கவும் செய்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

வெளிநாட்டில் என்னைப்போல ஒரு கிறுக்கர், நான் அனுப்பிய படிகக் கற்களுக்குப் பதிலாக இதைப் பட்டை தீட்டாமல் அனுப்பினார். சென்னையில் கல் தீட்டும் பட்டறைக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் விடாமல் எந்தக் கல்லையும் அவர் தீட்டியதில்லையாம். எண்ணெய் விட்டுத் தீட்டச் சொல்லி, நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முடிந்தபோது புளியங்கொட்டை அளவில் ஒரு கல் என் உள்ளங்கையில் இருந்தது. என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

வேப்பம்பட்டு வீட்டில் நான், கணவர், மாமியார் மூன்று பேர். ஒருநாள் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னாமா அது, எண்ண பூசி பூசி வெக்கிற?"

உப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கடம்பத்தூரில் இருக்கும் அவர் சொந்தக்காரர்கள் வரைக்கும் கதை போகும், மருமகள் உப்பைப் பூட்டி வைக்கிறாள் என்று. எனக்கும் ரோஷம் இருந்தது. "ரொம்ப அபூர்வமான கல்லு அத்தை" என்றேன். பொய் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கடுத்த வருடம் கணவருக்கு அம்பத்தூரில் வேலை போனது. ஜோசியர் குரு பலம் இல்லை என்றார். புஷ்பராகம் போட வேண்டும், வியாழக்கிழமை காலையில் போட வேண்டும், போடுமுன் ராத்திரி முழுக்கப் பசும்பாலில் ஊற வேண்டும். புஷ்பராகமும் மஞ்சள்தான். மீதியை நீங்களே யூகித்திருப்பீர்கள். எனக்குத்தான் அப்போது புத்தி அந்தப் பக்கம் போகவில்லை. அந்த வாரம் வேறு ஒரு நினைப்பில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் கல் சேகரிப்பவர்களின் கண்காட்சி. கல்லுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வைப்பார்கள், அதில் சேகரித்தவர் பெயர் இருக்கும். கணவர் பெயரோ கம்பெனி பெயரோ ஒட்டாமல், என் பெயரை மட்டும் அச்சில் பார்க்கப் போகிறேன் என்று தூக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் சாமி அலமாரிக்கு விளக்கேற்றப் போனேன். வெள்ளி டம்ளரில் பால். மேலே ஒரு துளசி இலை.

"இன்னா அத்தை இது?"

"கல்லு. நேத்து சாயங்காலமே போட்டேன். இன்னைக்கு அவன் கையில கொடுத்து, அப்புறம் மோதிரத்துல கட்டிக்கலாம்."

"எந்தக் கல்லு?"

"உங்கிட்ட கீற மஞ்ச கல்லுதான். ஊட்லயே வெச்சிக்கினு கடைக்கு எதுக்குமா போவணும்?"

கையை விட்டுத் துழாவினேன். பட்டைகள் எதுவும் இல்லை. வெண்மையாக, வழவழவென்று, ஒரு பச்சரிசி அளவுக்கு ஏதோ அகப்பட்டது. நான் அழுதேன். கத்தவில்லை, நின்ற இடத்திலேயே அழுதேன்.

அழுகை கேட்டுக் கணவர் வந்தார். பீரோ சாவியை எடுத்துக் கொடுத்தது அவர்தான், மறைக்கவும் இல்லை. விரலைப் பாலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பால் கரிக்குதே."

மாமியாருக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. "நல்ல கல்லா இருந்தா கரையுமா? உன்ன எவனோ நல்லா ஏமாத்திட்டாம்மா. அழாத, உடு." உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டார். என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அந்தக் கை திட்டவிடவில்லை.

"யாரும் ஏமாத்தல. அது உப்புதான். கரையும்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

கணவர் என்னையே பார்த்தார். அவர் முகத்திலும் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "உப்புன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அத யாருமே தொட்டிருக்க மாட்டோம். சொல்றதுக்கு இன்னா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷனிடம், எனக்கு உப்பின் மேல் ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சிரித்துவிடுவாரோ என்று பயம். முகம்கூடப் பார்த்திராத அந்த வெளிநாட்டுக்காரருக்கு அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான்.

"மிச்சம் கீறத வெச்சிக்கமே" என்று கணவர் அந்தத் துணுக்கைத் துண்டில் ஒற்றி, என் கையில் வைத்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் பெயர் அட்டைக்குப் பக்கத்தில் வைக்க அது போதாது. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து, துணுக்கோடு கையை நீட்டினேன். அது முழுசாகக் கரைய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.