கரிக்கோடும் பிடித்தமும்

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. கணக்கு தெரியும் என்று நம்பினாள். ஒரு நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்தெடுத்தால் ஒரு ‘பேர்’, எடை குறைந்தால் அரைப்பேர். மாலையில் கூடையை இறக்கிய கையோடு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறைச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுப்பாள். அரைப்பேருக்கு அரைக்கோடு.

எங்கள் தோட்டத்தில் பெண்ணாள் சம்பளத்தைப் பெண் போய் வாங்குவதில்லை. புருஷன்தான் வாங்குவான். அம்மாவுடையதையும், புதிதாய் வேலைக்குப் பேர் பதிந்திருந்த என்னுடையதையும் அப்பாவே வாங்கி வருவார். சுவரில் உள்ள கோட்டுக்குப் பாதிகூடத் தேறாது.

“என்னய்யா இது?”

“பிடிச்சுட்டாங்க புள்ள.”

“யாரு பிடிச்சா? சாராயக் கடைக்காரனா? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதய்யா!”

அப்பா குடிக்காதவர் இல்லை. சம்பள நாளில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் வருவார். அந்த வாடை போதாதா அம்மாவுக்கு? லயமே கூடி வேடிக்கை பார்க்கும். எனக்கு மானம் போகும். நானும் அம்மா கட்சிதான்.

ஒரு மாதம் சம்பள நாளன்று அம்மா துணிமூட்டையைக் கட்டி வைத்துவிட்டாள். “இந்தத் தடவ நானே போய் வாங்குறேன். இந்த மனுசன் குடிச்சுத்தான் அழிக்கிறாருன்னு தெரிஞ்சா, பொழுது சாயறதுக்குள்ள உன்னையும் கூட்டிக்கிட்டு கொத்மலைக்குப் போயிருவேன், எங்க அண்ணன் வீட்டுக்கு,” என்றாள் என்னிடம்.

ஆபீஸ் முன்னால் ஆம்பளைகள் வரிசையில் அம்மாவும் நானும் நின்றோம். அப்பா பின்னால் தலை குனிந்து நின்றார். பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

“என்னம்மா, வீட்டுல ஆம்பள இல்லையா?” என்றார் சம்பளம் கொடுக்கும் கிளாக்கர்.

“இருக்காருங்க. கைய மட்டும் நான் நீட்டுறேன்.”

“குடுங்கய்யா,” என்றார் அப்பா.

கையில் விழுந்ததைப் பார்த்து அம்மா கத்திவிட்டாள். “அடி ஆத்தாடி! இது கூலியாங்க, பிச்சையாங்க?”

எங்கள் குடியுரிமையைப் பறித்து, பிறந்த மண்ணிலேயே எங்களை அந்நியராக்கிய சட்டம் வந்திருந்த நேரம். சம்பளக் கணக்கும் அந்நிய பாஷையில்தான் இருந்தது. ஆனால் கிளாக்கர் கெட்டவரில்லை, நிதானமாகத் தமிழில் வாசித்தார். வீட்டுக்கு வாங்கிய அரிசிக்குப் பிடித்தம். கோயில் திருவிழாவுக்கு. சலவைக்கு. மழைக்குப் போர்த்திய கம்பளிக்கு. அந்தக் கம்பளியைத் தோட்டத்துத் துரை சும்மா கொடுத்தார் என்று அம்மா எத்தனை முறை அவரை வாழ்த்தியிருப்பாள்! கடைசியாக, சவரத்துக்கு.

“சவரத்துக்குமா? எனக்கு என்ன மீசையா முளைச்சிருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

“குடும்பத்துக்கு ஒரே கணக்கும்மா. அவரு சம்பளத்துல பிடிச்சு முடியாதத உன் சம்பளத்துல பிடிக்கிறோம். மாசா மாசம் இப்படித்தான்.”

அம்மாவின் சுவரில் கூட்டல் மட்டும்தான் இருந்தது. கழித்தல் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அப்பா சொன்னார், பாவம். நாங்கள்தான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மூட்டையை அவிழ்த்தாள். பாலில்லாத் தேநீராய்ச் சாயத்தண்ணி ஊற்றி அப்பா கையில் கொடுத்தாள்.

அடுத்த சம்பள நாளில் அப்பா, “நீயே போ புள்ள,” என்றார்.

“என்னால ஆகாதுய்யா. இத்தன வருசமா இந்தக் காச வச்சுக்கிட்டு எப்படிய்யா வீட்டுக்கு வந்த?”

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அதுக்குத்தான் புள்ள, கொஞ்சம் குடிச்சுட்டு வந்தேன்.”