ஒரே ஒரு படிகம்

நான்கு வருட ஆராய்ச்சியில் எனக்கு வாய்த்தது ஒரே ஒரு படிகம். கடுகில் பாதிகூட இருக்காது. அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தினமும் நாலு தடவை போய்ப் பார்ப்பேன்.

என் புரதம் லேசில் மசியாது. சங்கிலியாகப் பிறந்து, தானே சுருண்டு மடிந்து ஒரு வடிவத்துக்கு வர வேண்டும். அதுவோ பாதி மடிந்ததும் முறுக்கிக்கொண்டு, வெந்த முட்டையின் வெள்ளைபோலக் குழாயின் அடியில் உட்கார்ந்துவிடும். ஒழுங்காக மடிந்தவைதான் அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகும். படிகத்தை எக்ஸ்ரே எடுத்தால் வடிவம் தெரியும், நான் பட்டம் வாங்கலாம். உதவித்தொகை முடிய இரண்டே மாதம் இருந்தது.

எங்கள் ஆய்வகம் மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருந்தது. படிகம் வளர்க்கும் தட்டுகள் இருக்கும் அலமாரிப் பக்கம் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம். 'நல்லா வந்திருக்கு' என்று சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும். ஒருநாள் அலமாரிக் கதவில் விபூதிப் பட்டை இருந்தது. யார் வேலை இது என்று என் வழிகாட்டியான மேடம் கேட்டபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் உதட்டைப் பிதுக்கினேன். பூசியது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் செய்யூரிலிருந்து எங்கள் செங்கல்பட்டு வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமாவுக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. பெருமையாகச் செல்போனில் படிகத்தின் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்த்தார்.

"இன்னா மச்சான், நாலு வருஷமா உப்புக்கா இம்மாம் பாடு பட்டுகினு கீற?" என்றார்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன், ஆனால் சோறு இறங்கவில்லை. நடக்கக்கூடியதுதானே அது? புரதத்தோடு கலக்கும் கரைசலில் உப்பு உண்டு. புரதம் சும்மா இருக்க, உப்பு படிகமாகி எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. எங்கள் சீனியர் ஒருவர் வடக்கே எக்ஸ்ரே மையம்வரை ரயிலேறிப் போய், உப்பைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார். இன்றும் கேன்டீனில் அவரைக் கண்டால், சாம்பாருக்கு உப்பு போதுமா பாருங்கண்ணே என்று கரண்டியை நீட்டுகிறார்கள். வரும் வியாழக்கிழமை என் படிகத்தோடு நான் அதே ரயிலில் போவதாக இருந்தது.

மூன்று நாள் தூங்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். உப்பா புரதமா என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று உண்டு, ஊசியால் குத்திப் பார்ப்பது. உப்பென்றால் நறுக்கென்று உடையும். புரதப் படிகத்துக்குள் பாதி தண்ணீர்தான், அதனால் தயிர்க்கட்டி மாதிரி குழைந்துவிடும். பத்துப் படிகம் வைத்திருப்பவன் ஒன்றைக் குத்தலாம். ஒன்றே ஒன்று வைத்திருப்பவன் கிட்டேயே போகக் கூடாது, பேசாமல் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக வேண்டும். இது முதல் வருடத்து மாணவனுக்கும் தெரியும்.

எனக்கோ அங்கே நாலு பேர் முன்னால் அது உப்பென்று தெரியவரும் நிமிடத்தை நினைக்கவே முடியவில்லை. ஊசியை எடுத்தேன். ஒரு மூலையை மட்டும் லேசாகத் தொடலாம், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சத்தமே வரவில்லை. தொட்ட மூலை குழைந்தது. பின்னாலேயே மற்றதும் குழைந்து தட்டிலிருந்த கரைசல் துளிக்குள் பரவிவிட்டது. புரதம்தான். ஒழுங்காக மடிந்த புரதம். ஊசியைப் பிடித்தபடியே அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"உப்பு மேடம்," என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். தோளில் தட்டிக்கொடுத்தார்.

"கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதையும் பயப்படாம குத்திப் பாத்தியே," என்றார். "அந்த தைரியம் இங்க எவனுக்கும் இல்லப்பா."