ஒற்றைக் காலில் நின்ற கதை

பேருந்தில் கடைசி சீட்டில் உட்காராதீர்கள். முதுகெலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டிக்குத் திரும்பும்போது ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தது. நானும் குதித்தேன். திரும்ப சீட்டில் விழுந்தபோது நடுமுதுகில் ‘படக்’ என்றது. மூச்சே நின்றுவிட்டது. அது திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்த வேகத்தடையைப் போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஒரு வாரம் அது வாயுப் பிடிப்பாக இருந்தது. இஞ்சிச் சாறும் ஓமத் தண்ணீரும் உள்ளே போயின. பிறகு சுளுக்காக மாறியது. உலக்கையை உருட்டிச் சுளுக்கெடுப்பவரைக் கூட்டிவரப் பக்கத்துத் தோட்டத்து அக்கா கிளம்பியேவிட்டார். நல்ல வேளை, அந்த ஆள் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். வயதானவர்களுக்குத் திடீரென்று முதுகு வலித்தால் உருட்டவும் மிதிக்கவும் யாரையும் விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே படம் எடுங்கள்.

படத்தில் ஒரு முள்ளெலும்பு முன்பக்கமாக நசுங்கியிருந்தது. ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு உள்ளுக்குள் சன்னமாகி வலுவிழக்கும் நோய்) என்றார் மருத்துவர். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியே வயதானவர். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “லாரிக்கு ஸ்பிரிங் பட்டை உக்காந்த மாதிரி உக்காந்துருச்சுங்களா டாக்டர்?” என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று அவர் ஒப்புக்கொண்டாலும் கொண்டார், அன்றிலிருந்து இவருக்குத் தானும் பாதி டாக்டர் என்ற நினைப்பு.

ஊசி, மாத்திரை, முதுகுக்கு பெல்ட். பாரம் தூக்கக் கூடாது, முன்னால் குனியவே கூடாது. சேலத்தில் இருக்கும் மகன் வந்து எங்கள் இருவரையும் தன் அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனான். அங்கே கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த என் ஒன்றுவிட்ட பெரியப்பா காலில் நான் விழவில்லை. மருத்துவர் சொன்னதை விளக்கியும் மனிதர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வலி மெல்லக் குறைந்தது, பயம் குறையவில்லை. முதுகு வளைந்தால் உடம்பின் எடை முன்னால் போகும், அதனால் தள்ளாடும், விழுந்தால் அடுத்த எலும்பும் போகும் என்று பிசியோதெரபிஸ்ட் (பயிற்சிகள் கொடுத்து உடம்பைத் தேற்றுபவர்) விளக்கினார். சின்னப் பெண்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எப்போது ஊருக்குப் போகலாம்? மகனோ வீட்டைப் பூட்டித் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று முடிவே கட்டிவிட்டான்.

“அம்மா ஊருக்குத்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க,” என்று அந்தப் பெண்ணிடம் முறையிட்டான்.

அவள் சிரிக்கக்கூட இல்லை. “நிக்கட்டுமுங்க. எதையும் புடிக்காம பத்து எண்ற வரைக்கும் நின்னாங்கன்னா, அனுப்பறதப் பத்திப் பேசலாமுங்க,” என்றாள்.

வாயால் ஒற்றைக் காலில் நிற்பது எனக்குப் பிறவியிலேயே வரும். காலால் நிற்பது அப்படி இல்லை. ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் முதுகை ஒட்டி நிமிர்வது, ஒரு காலின் விரல் நுனிக்கு முன்னால் மறுகாலின் குதிகால் இருக்கும்படி ஒரே கோட்டில் நடப்பது. என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, லாரியை ரிவர்ஸ் எடுப்பது மாதிரி “வரட்டும், வரட்டும்” என்பார். ஒரு நாள் குளியலறைப் படியில் காலெடுத்து வைக்கப் பயந்து அப்படியே நின்று அழுதேன். அன்று மட்டும் அவர் பின்னாலிருந்து முன்னால் வந்து கையை நீட்டினார்.

கடைசியில் ஒரு நாள் அந்தப் பெண்ணின் முன்னால் பத்து வரை நின்றுவிட்டேன். மகனுக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. ஊரில் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றான். “நான் இருக்கறனில்ல சாமி,” என்று அவன் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

“அப்ப நீங்களும் ஒருக்கா நில்லுங்க, பாக்கலாமுங்க,” என்றாள் அந்தப் பெண்.

இதென்ன பிரமாதம் என்று காலைத் தூக்கியவர், தூக்கிய வேகத்தில் என் பக்கமே சாய்ந்தார். முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல், அவர் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன். பிடித்த பிறகுதான் பிடித்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்கப்பாவப் பாத்துக்க ஊட்ல ஆளு வேணுமில்ல சாமி? நான் போறேன்,” என்றேன்.

ஊருக்கு வந்துவிட்டோம். நான் முன்பைவிட இரண்டு விரல்கடை குள்ளம். சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுகிறேன். கீழே விழுந்த பொருளை எடுக்க முன்பு போல ‘சட்’டென்று குனிவதில்லை. ஒரு காலை நன்றாக ஊன்றிய பிறகே அடுத்த காலைப் பற்றி யோசிக்கிறேன். ஓடி ஓடி வேலை செய்த காலத்தில் ஒரு பகல் இத்தனை நீளம் என்று எனக்குத் தெரியாது.

தினமும் காலையில் அடுப்படி மேடையின் பக்கத்தில் இருவரும் எதிரெதிரே ஒற்றைக் காலில் நிற்கிறோம். முதலில் காலை ஊன்றுபவர் காப்பி போட வேண்டும். கட்டிய நாளிலிருந்து அடுப்பைப் பற்றவைத்தே அறியாத மனிதர், இப்போது தினமும் பற்றவைக்கிறார். காப்பி கைக்கு வரும்வரை நான் மறுகாலுக்கு மாறி நிற்கிறேன்.