சும்மா கொடுக்கும் மருந்து

மருந்து கலக்குவது சுலபம். அதைச் சும்மா கொடுப்பதுதான் கஷ்டம். எழுபதுகளில் ஆறு வருஷம் அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவன் நான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, வாளையாறிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு கிராமத்தில், பழைய பருத்திக் கிடங்கு ஒன்றில் அரசாங்க ஆஸ்பத்திரி நடந்தது. அதில் நான் கம்பவுண்டர். டாக்டரம்மா கோட்டயம் பக்கத்துக்காரர். வந்த மூன்றாம் மாதமே எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

பார்ப்பது, மருந்து, ஊசி, கட்டு எல்லாம் இலவசம். தோட்டம் உள்ளவருக்கும் அந்தத் தோட்டத்தில் களை எடுப்பவருக்கும் ஒரே வரிசை, நான் கலக்கும் ஒரே மிக்ஸர் மருந்து. ஊரில் எல்லோருக்கும் அரசாங்கமே வைத்தியம் பார்ப்பது நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் தினமும் வாதம் நடக்கும். நான் அதில் வாய் திறந்ததில்லை. இரண்டு கட்சிக்கும் வேண்டிய சாட்சிகள் என் ஜன்னலுக்கு முன்னால்தான் நின்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே எனக்கும் நாற்காலி கிடையாது.

பொன்னம்மாளின் சீசா

மிக்ஸர் வேண்டுமென்றால் சீசா கொண்டு வர வேண்டும். அரசாங்கம் மருந்து தரும், சீசா தராது. எண்ணெய்ச் சீசா, பிராந்திச் சீசா, மண்ணெண்ணெய் வாடை போகாத சீசா எல்லாம் வரும். கழுவிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைக்கே மிக்ஸர் தேவைப்பட்டது. பொன்னம்மாள் மட்டும் பளபளவென்று தேய்த்த பெரிய சீசாவோடு வருவாள். வாரம் தவறாமல் அவளுக்கு வயிற்று உப்புசம். ஓம வாசனை அடிக்கும் எங்கள் வயிற்று மிக்ஸர்தான் வேண்டும், அதுவும் சீசாவின் கழுத்து வரைக்கும்.

ஒரு தடவை, புது மருந்து வருவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போதே அந்த மிக்ஸர் தீர்ந்துபோனது. நிஜமாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு குடித்தும் உப்புசம் போகவில்லையென்றால் பாலக்காட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்கிறேன் என்று பொன்னம்மாளை மிரட்டினேன். அவள் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டாள். உப்புசம் அவளுக்கு இல்லை, அவளுடைய எருமைக்கு. மனிதருக்குக் கொடுக்கிற மருந்தை இப்படி வீணாக்கலாமா என்று நான் சத்தம் போட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள்:

“வீணாவுலீங்க. எருமைக்கு நல்லாக் கேக்குதுங்க. அந்தப் பாலுதானுங்க டீக்கடையில நீங்க குடிக்கறீங்க.”

பூசணிக்காய்

சும்மா கிடைக்கிறது என்று அள்ளிக்கொண்டு போகிறவர்கள் ஒரு ரகம். சும்மா கிடைப்பதாலேயே நம்பாதவர்கள் இன்னொரு ரகம். வெறுங்கையோடு வாங்கிய மருந்து உடம்பில் ஒட்டாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நாட்டு வைத்தியருக்கு ஏதாவது வைத்துவிட்டு மருந்து வாங்கித்தான் அவர்களுக்குப் பழக்கம். அதனால் என் ஜன்னலிலும் இரண்டு கத்தரிக்காயோ ஒரு கை நிலக்கடலையோ வைத்துவிட்டுத்தான் போவார்கள். வேண்டாம் என்றால் திண்டாடிப் போய்விடுவார்கள். சிலர் வைத்துவிட்டு ஓடியே போவார்கள்.

ஒருநாள் ஜில்லா அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதனைக்கு வந்துவிட்டார். மிக்ஸர் மேஜையில் அன்றைக்கென்று இரண்டு பூசணிக்காய், ஒரு முறம் கடலை, சுவரோடு சாய்த்து வைத்த புடலங்காய். லஞ்சம் வாங்கினேன் என்று எனக்கு மெமோ வந்தது. பூசணிக்காயின் தத்துவத்தை விளக்கி மூன்று பக்கம் பதில் எழுதித் தப்பித்தேன். யாரும் எதுவும் தரக் கூடாது என்று டாக்டரம்மா பலகை எழுதி மாட்டினார். அதே மாத்திரை, அதே அளவு. ஆனால் அந்த வாரத்திலிருந்து காய்ச்சல் விடவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் கூடிப்போனார்கள். மூன்றாம் தடவையாக வந்த ஒரு விவசாயியிடம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

“மாத்தர மேல குத்தமில்லீங்க. பூசணிக்காய வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க, காச்சல் எப்படிங்க எறங்கும்?”

பண்ணாடியின் நெஞ்செரிச்சல்

ஊருக்குப் பெரிய தோட்டம் ஒருவருடையது. அவரை எல்லோரும் பண்ணாடி என்பார்கள், நானும் அப்படித்தான். நல்ல மனிதர், ஆனால் வரிசை என்பது அவர் பரம்பரையிலேயே இல்லை. விதைநெல் வாங்கவும் வரி கட்டவும் ஆள் அனுப்புகிறவர், தமக்கு நெஞ்செரிச்சல் வந்தபோதும் அதே மாதிரி ஆள் அனுப்பினார். வந்தவன் ரங்கன், அவருடைய பண்ணையத்து ஆள். பண்ணாடியின் காங்கேயம் காளை அவனுக்கு மட்டும்தான் அடங்கும். சீட்டில் பண்ணாடி பெயரைச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே போனான். டாக்டரம்மாவுக்கு இருவரையும் தெரியாது. ரங்கன் பண்ணாடியின் உபாதைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறான். இருமல் உண்டா என்று கேட்டபோது, லொக்கு லொக்கென்று இருமி முடித்துவிட்டு, இருமலே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறான். பண்ணாடிக்கு இல்லைதானே.

டாக்டரம்மா அவன் கண்ணை இழுத்துப் பார்த்து, வெளுத்துக் கிடக்கிறதே என்று, வயிற்றுப் பூச்சிக்குப் பேதி மருந்து எழுதினார். சளிப் பரிசோதனைக்கும் எழுதினார். சீட்டில் பண்ணாடி பெயரைப் பார்த்த நான், அவர் முன்பே வந்து காட்டிவிட்டு இப்போது மருந்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். ரங்கன் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பண்ணாடியிடம் சேர்த்தான், அவரும் குடித்தார். மூன்றாம் நாள் வில்வண்டியில் வந்து இறங்கியவர் பாதி ஆளாக இருந்தார். கூட வந்த ரங்கன் இருமிக்கொண்டே நின்றான். விஷயம் வெளிப்பட்டதும் டாக்டரம்மா முதலில் சிரித்தார், பிறகு அந்த இருமலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ரங்கன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்:

“மருந்த அவரு குடிச்சுப்போட்டாருங்க, பேதியும் அவருக்கே ஆயிப்போச்சுங்க. ஆனா சீக்கு எனக்குன்னு சொல்றாங்களே, எனக்கு ஆருங்க மருந்து குடுப்பாங்க?”

கோயமுத்தூரில் நான்

சளியைச் சோதித்ததில் ரங்கனுக்கு டி.பி. என்று தெரிந்தது. முதல் இரண்டு மாதம் தினமும் ஊசி, அதோடு ஒன்றரை வருஷம் மாத்திரை. எல்லாம் எங்களிடமே இலவசமாக உண்டு. விட்டுவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா அவனிடம் சொன்னார். சும்மா கொடுப்பதால் மட்டமான மருந்து என்று நினைத்துவிடாதே, கோயமுத்தூரில் காசு கொடுத்தாலும் இதேதான் என்று நானும் அவனுக்குத் தினமும் பாடம் நடத்தினேன். அவனும் தலையாட்டிக்கொண்டு ஊசிக்கு வந்தான்.

அந்தச் சமயத்தில் என் மகளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் எங்கள் காய்ச்சல் மிக்ஸரைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் என் மனைவி, நீங்கள் கலக்கிய மருந்து எனக்குத் தெரியாதா என்று ஒரே வார்த்தையில் என் உத்தியோகத்தை முடித்துவிட்டாள். எனக்கும் உள்ளூரப் பயம். மகள் என்றால் கொள்கையெல்லாம் எங்கே நிற்கிறது. வாளையாறு செக்போஸ்டில் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடந்து, கோயமுத்தூர் போய், காசு வாங்கும் டாக்டரிடம் காட்டினோம். அவருடைய கம்பவுண்டர் கொடுத்த சீசாவைத் திறந்து மோந்து பார்த்தேன். எங்கள் மிக்ஸரேதான், கொஞ்சம் சிவப்பு கூடுதல். மூடியைத் திருகிக்கொண்டு நிமிர்ந்தால் எதிர் நாற்காலியில் பண்ணாடி. பேதிக்குப் பிறகு அவர் நெஞ்செரிச்சல் இங்கே வந்துவிட்டிருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் மரியாதையாகத்தான் கேட்டார்:

“ஏனுங்க கம்பவுண்டர், உங்க மருந்து அத்தன நல்ல மருந்துன்னா, நீங்க எதுக்குங்க பஸ்ஸேறி இங்க வந்தீங்க?”

ஒரே ஊசி

மறுவாரம் ரங்கன் வருவதை நிறுத்திவிட்டான். மூன்று நாள் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பண்ணாடி அவனைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் வெறும் இருமல் என்று சொல்லி, அவனுக்கு ஒரு ஊசி போடவைத்துக் கூட்டிவந்திருந்தார். இருமலும் அடங்கியிருந்தது. அந்த டாக்டர் அடுத்த வாரம் வரச் சொன்னதைப் பண்ணாடி பொருட்படுத்தவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உங்கள் இலவச ஊசிக்கு வரிசையில் நின்று தினமும் அரை நாள் போகிறது, அவனுக்கு அரை நாள் கூலியும் போகிறது, அப்புறம் என்ன இலவசம் என்று கேட்டார்.

இருந்தாலும் விடாமல் வாதாடினேன். ரங்கனை எனக்குப் பிடிக்கும். அவன் செத்துப்போவான் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. காசு வாங்குகிறவர் உங்களை நாளைக்கு மறந்துவிடுவார், நாங்கள்தான் ஒன்றரை வருஷம் கூட வருவோம் என்றேன். கோயமுத்தூர் நாற்காலியில் என்னைப் பார்த்தவரிடம் இந்தப் பேச்சு எடுபடுமா? பண்ணாடி இளநீர் வெட்டிக் கொடுத்து, என்னை வழியனுப்பும்போது சொன்னார்:

“காசு குடுத்தா ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கலாமுங்க. உங்ககிட்டச் சும்மா வாங்கிப்போட்டு ஆருங்க கேள்வி கேக்கறது?”

வரிசையில் புது ஆள்

மூன்றாம் வாரம் ரங்கன் காளைக்குத் தண்ணீர் காட்டும்போது ரத்தமாக இருமினான். பண்ணாடி நடுங்கிப்போய் அவனைத் திரும்பவும் கோயமுத்தூருக்குக் கொண்டு போனார். இந்தத் தடவை முழுக் கதையையும் கேட்ட அந்த டாக்டர், ஊரிலேயே கிடைக்கிற மருந்தை நிறுத்திவிட்டு இங்கே எதற்கு வந்தாய், போய் அங்கேயே வரிசையில் நில் என்று கோபித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுபடியும் முதலிலிருந்து தினசரி ஊசி. ஆனால் ரங்கனால் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. அவனை முன்னால் விடலாமென்றால், எங்கள் வரிசையில் எல்லோரும் சாகக் கிடப்பதாகச் சொல்கிறவர்கள். கடலை பறிப்புக் காலம் வேறு. தோட்டத்தில் வேலையில்லாமல் இருந்த ஆள் பண்ணாடி ஒருவர்தான்.

அவரே வந்து நின்றார். ரங்கனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அவன் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக ஜன்னலுக்கு வந்தார். வரிசை பின்னால் இருக்கிறது என்று பொன்னம்மாள் சீசாவால் வழி காட்டினாள். அவர் முகம் சிவந்தது, ஆனாலும் போய்க் கடைசியில் நின்றார். அதன் பிறகுதான் எங்களுக்குக் கஷ்டகாலம். உட்கார ஏன் பெஞ்சு இல்லை, குடிக்க ஏன் தண்ணீர் இல்லை, மருந்து ஏன் பாதியில் தீர்கிறது, டாக்டரம்மா ஏன் ஒருவர் மட்டும் இருக்கிறார் என்று வரிசையில் நின்றபடியே கேள்வி கேட்டார். எனக்கு மெமோ கொடுத்த அதே அதிகாரிக்கு வாரம் ஒரு மனு எழுதினார். இரண்டு மாதத்தில் பெஞ்சு வந்தது, பானை வந்தது. எருமைக்கும் சேர்த்துப் போதுமான அளவு மிக்ஸரும் வந்தது. ஊசி முடிந்தது, ஒன்றரை வருஷ மாத்திரையும் ஒரு நாள் விடாமல் முடிந்தது. ரங்கன் பிழைத்து, மறுபடி காளையைப் பிடித்தான். அவன் சளியில் கிருமி இல்லை என்ற சீட்டு வந்த அன்று நான் மருந்து அறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது, பண்ணாடி வரிசையில் நின்ற அந்த முதல் நாள், வேப்பமரத்தடியில் ரங்கன் கவலையோடு சொன்னதுதான்:

“அன்னிக்கி அவருக்காக நான் நின்னனுங்க, அவருக்குப் பேதியாச்சு. இன்னிக்கி எனக்காக அவரு நிக்கறாரு. எனக்கு என்னாவுமோன்னு பயமா இருக்குதுங்க.”

ஊரில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் நல்லதா கெட்டதா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், முதலில் வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்கிறேன்.