பதினொரு தலைமாத்து

மனு டைப் அடிக்கிற வேலையில் விரல் வலிக்காது, காதுதான் வலிக்கும். தாலுகா ஆபீசுக்கு எதிரே பாய் கடையில் நான் ஜாப் டைப்பிஸ்ட். வயசு பதினேழு, டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ், பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில். ஒருத்தர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் அவர் குரல் என் தொண்டைக்கு வந்துவிடும். மிஷினில் இருக்கிற ரிப்பன் வெளுத்துப் போனது, அதனால் எங்கள் மனுக்களை வெயிலில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்று, “சரக்கு வரல” என்று கேட்டுத் திரும்பியவர்கள் நீங்களும்தானே, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

யார் வீட்டுக் கஷ்டம்

பாயிடம் எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரே மனு. “பரம ஏழைகளாகிய நாங்கள் தங்கள் பொற்பாதம் பணிந்து” என்று தொடங்கும், நடுவில் நாலு வரி இடம் விட்டிருக்கும். பட்டாவோ பம்ப் செட்டோ, அந்த இடத்தில் அடித்தால் முடிந்தது. போன ஆடி மாசம் சின்னப்பொண்ணு அக்காவும் அவர் வீட்டுக்காரர் குப்பன் அண்ணனும் வந்தார்கள். சித்தேரி மலையில் பஸ் போகாத ஒரு மேட்டு ஊர் அவர்களுடையது. ரேஷன் கடை அடிவாரத்தில். குதிரில் இருந்த சாமை தீர்ந்துவிட்டது, புதுச் சாமை அறுக்க இன்னும் நாளாகும், அதுவரைக்கும் ரேஷன் அரிசிதான், பிள்ளைகளுக்கு ஒருவேளைக் கஞ்சி. மேலேயே ஒரு கடை வேண்டும் என்று கேட்டார்கள்.

நாலு வரியில் அடித்துவிட்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரலில் படித்துக் காட்டினேன். அக்கா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். “நல்லாத்தான் படிக்கிற பாப்பா. ஆனா இதுல எங்க ஊரே இல்லியே, இது யார் வூட்டுக் கஷ்டம்?”

ஸ்கேல் வைத்த பதில்

பாய், “பொற்பாதம் போதும்மா” என்று அதையே அனுப்பினார். பதில் வந்தது. வரைபடத்தில் அளந்து பார்த்ததில் கிராமம் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம், எனவே விதிப்படி தனிக் கடைக்கு இடமில்லையாம். அதில் கையெழுத்துப் போட்ட சப்ளை ஆபீசர் மூக்கால் பேசுவார். நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தேன். பாய் சிரிப்பை அடக்க வெற்றிலையைக் கடித்தார்.

குப்பன் அண்ணன் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அந்த வருஷக் கணக்கை அன்றைக்கே தீர்த்தார். “மேப்புல மேடே இல்லீங்களா? அப்ப அந்த மேப்புலயே எங்களுக்கு வூடு கட்டிக் குடுக்கச் சொல்லுங்க, நாங்க அங்கயே குடியிருந்துக்கறோம்.”

ஒத்திகை

அப்புறம்தான் நான் ஒழுங்காகக் கேட்டேன், எவ்வளவு தூரம்தான் அக்கா என்று. “பதினொரு தலைமாத்து” என்றார். மூட்டையைத் தலையில் வைத்து ஏறுகிறவருக்குக் கழுத்து தாங்காமல் போகிற இடத்தில், கூட வருகிறவர் தலைக்கு மாற்ற வேண்டும். அது ஒரு தலைமாத்து. அதனால் வீட்டுக்கு ரெண்டு பேராகத்தான் இறங்க வேண்டும், ரெண்டு பேர் கூலியும் அன்றைக்குப் போச்சு. கடை பூட்டியிருந்தால் மறுநாளும் போச்சு.

அதை அக்கா சொன்னபடியே அடித்தேன். ஆபீஸ் மனுவில் இப்படியெல்லாம் வரலாமா என்று பாய்க்கு உதறல். மனுவோடு நேரில் போய்ப் பேசுங்கள் என்றதும் இவர்களுக்கு உதறல். சரி என்று ஒத்திகை வைத்தேன். நான் நாற்காலியில் சாய்ந்து மூக்கால், “ரூல் இல்லியேம்மா, ரூல் இல்லியே” என்று இழுக்க, அக்கா பதில் சொல்லிப் பழகினார். மூணாம் தடவையில் குப்பன் அண்ணன் நிஜமாகவே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். “இந்த ஆபீசரே தேவலைங்க பாய். இவங்க கையிலயே ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க, நாங்க பஸ்ஸப் புடிக்கறோம்.”

பியூன் அளந்த தூரம்

மனு நாளன்று அதிசயமாக அடிவாரக் கடை திறந்திருக்க, வாங்கிய அரிசி மூட்டையோடே ஆபீசுக்கு வந்தார்கள். வராண்டாவில் மேஜை போட்டு மனு வாங்கிய சப்ளை ஆபீசர், எங்களுடையதை வெயில் பக்கம் திருப்பிப் படித்துவிட்டு, “தலைமாத்துன்னா என்ன கணக்கு? எங்க ரூல்ல இல்லியே” என்றார். ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. கூட வந்திருந்த நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மூட்டையைத் தூக்கி, பக்கத்தில் நின்ற பியூன் தலையில் வைத்தார். “கொஞ்சம் நடங்கண்ணா.”

பியூன் கௌரவமாகத்தான் கிளம்பினார். சமதளமான வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். நாலாம் நடையில் கால் பின்னியது, “யாராச்சும் புடிங்கப்பா” என்றார். அக்கா இறக்கித் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு ஆபீசரைப் பார்த்தார். “இது ஒண்ணுங்க. இதுமாதிரி பதினொண்ணு. அதுவும் மேட்டுல.”

குரல் மாட்டிக்கொண்டது

வரிசையில் வேறு மலை ஊர்க்காரர்களும் இருந்தார்கள். “எங்களுக்கு ஒம்பதுங்க”, “எங்க ஊருக்கு பதிமூணு” என்று ஆளுக்கொன்று சொல்ல, ஆபீசர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே உள்ளே போனார். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? வராண்டா படியில் ஏறி நின்று, மூக்கைப் பிடித்து, “மலை ஊர்களுக்கு மேப்புல அளக்கறதை இத்தோட நிறுத்தறேன். நடக்கற வழியைத்தான் அளக்கணும். இது ரூல்” என்று உத்தரவு போட்டேன். வரிசையே சிரித்தது. திடீரென்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. திரும்பினால், பின்னாலேயே அவர்.

பாய் கடையை இழுத்து மூடிவிடலாமா என்று எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “நான் சொல்லாததை எல்லாம் என் குரல்ல சொல்லிட்ட. அதையே சுத்தமா டைப் அடிச்சுக் கொண்டா. கையெழுத்துப் போட்டு மேல அனுப்பறேன், அவங்க சொல்றதைச் சொல்லட்டும்.”

சரக்கு வந்தது

மேலே இருந்தவர்கள் சொல்ல மாசி ஆயிற்று. நடைவழியை அளக்கலாம் என்று உத்தரவு வந்து, மூணு மலை ஊர்களுக்குப் பகுதி நேரக் கடை கிடைத்தது. மாசத்துக்கு ரெண்டு நாள், பள்ளிக்கூட வராண்டாவில், கழுதை மேல் ஏறி வரும் அரிசி. தினமும் திறக்கிற கடை இல்லைதான். ஆனால் இந்த ஆடிக்குப் பிள்ளைகளுக்கு ரெண்டு வேளை.

பார்க்கலாமென்று பாயும் நானும் ஏறினோம். ஒன்பதாம் தலைமாத்தில் பாய் உட்கார்ந்துவிட்டார், தலையில் ஒன்றுமே இல்லாமல். மேலே போய்ச் சேர்ந்தபோது அக்கா தராசுப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு, அடிவாரக் கடைக்காரர் குரலில், என்னைவிடச் சுத்தமாகச் சொன்னார். “சரக்கு வரல. போயிட்டு நாளைக்கு வா.”

ஊர் உலகத்தின் குரலில் எல்லாம் கேட்டு வாங்கிவிட்டேன், என் சொந்தக் குரலில் நான் கேட்ட ஒரே ஒரு புது ரிப்பன் மட்டும் இன்னும் பாயின் பரிசீலனையில் இருக்கிறது.