ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த சுவிட்ச்

இந்த ஊரில் கரண்ட் போவதே இல்லை. ஜெர்மனிக்கு வந்த புதிதில் இது எனக்கு வசதியாகப் படவில்லை, விநோதமாகத்தான் பட்டது. அச்சரப்பாக்கத்தில் நாளுக்கு ஒருதரமாவது ஃபேன் நிற்கும், தெருவே ஒரு சத்தம் போட்டு அடங்கும், எல்லாரும் வாசலுக்கு வருவோம். காசெல் நகரத்து முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. என் ஒற்றை அறை வீட்டின் அடுப்புக் கடிகாரம் ஒருமுறைகூட நின்றதில்லை. அங்கே கரண்ட் போகும்போதெல்லாம் ஓய்வெடுத்த ஒரு பொருள், இங்கே ஓய்வில்லாமல் என்னைப் படுத்தியது. அது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டருக்குள் இரண்டாவதாக மாட்டியிருந்தேன். நான் தொட்டாலும் தொடாவிட்டாலும், கம்ப்யூட்டரை அணைக்கும்வரை அது உர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

அது என் அண்ணன் சார்லஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடத்திய நெட் சென்டரின் டிஸ்க். ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் அப்ளிகேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அங்கேதான். எங்கள் காலனியில் தாத்தா தலைமுறைவரை அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்ததில்லை. பிறகு காகிதங்கள் வந்தன. சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் மேலாக மனைப்பட்டா. வந்த காகிதத்தைக் காப்பாற்றத்தான் இடமில்லை. கூரை ஒழுகும், பெட்டியில் கரையான் ஏறும். ஸ்கேன் எடுக்க வந்தவர்கள், "சார்லசு, உன் கம்ப்யூட்டர்லயே ஒண்ணு கெடக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டான். கடப்பாக்கத்திலிருந்து மீன் விற்க வரும் பெண்களுக்குக்கூட அதில் ஃபோல்டர் உண்டு. கடையை மூடிவிட்டு மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனபோது, லீவில் வந்திருந்த என் கையில் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தான். "நான் இருக்கறது வாடக வூடு, புள்ளைங்க எல்லாத்தையும் ஒடைக்குதுங்க. நீயே வெச்சிக்கோ. யார்னா கேட்டா அனுப்பு."

கேட்டார்கள், நானும் அனுப்பினேன். ஒருநாள் டீ குடிக்க வந்த கரினிடம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். கரின் என்னோடு வேலை செய்பவள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "உன் அண்ணன் ஆம்ட்டில் அதிகாரியா?" என்று கேட்டாள். ஆம்ட் என்றால் அரசாங்க அலுவலகம். இல்லை, ஜெராக்ஸ் கடைக்காரன் என்றேன். கப்பைக் கீழே வைத்தாள். "அப்படியானால் இத்தனை பேரும் உனக்குக் கையெழுத்துப் போட்டு அனுமதி தந்திருக்கிறார்களா?"

"எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள்" என்றேன்.

"தெரிந்தவர்கள் என்றால் இன்னும் மோசம்."

நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. டாட்டன்ஷுட்ஸ் என்றாள். தகவல் பாதுகாப்பு. இங்கே ஒரு நோயாளியின் பெயரை லிஃப்டில் சத்தமாகச் சொன்னாலே மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கண்டிப்பார். காலனியிலோ யாருக்கு எத்தனை மார்க் என்று தெருவுக்கே தெரியும். இரண்டில் எது மரியாதை என்று எனக்குக் குழம்பியது. அழிக்க மனம் வரவில்லை. இன்டர்நெட்டோடு பிணைந்த கம்ப்யூட்டரில் எந்நேரமும் அது சுற்றிக்கொண்டிருக்கவும் பயமாக இருந்தது. வேண்டும்போது மட்டும் உயிர் கொடுக்கலாமே என்று, அந்த டிஸ்க்குக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைக்க முடிவு செய்தேன்.

எலக்ட்ரானிக் சாமான் கடையில் நின்ற பெண்ணிடம் சின்ன சுவிட்ச் ஒன்று கேட்டேன். அவள் ஏதோ கேட்டாள். என் காதில் 'போலிட்சை' என்று விழுந்தது. அது போலீஸைக் குறிக்கும் சொல். கரின் சொன்னதெல்லாம் மனதில் இருந்ததால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை என்பதற்கு, "நைன், நைன்" என்று தலையாட்டினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு சுவிட்ச்சை எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் வீடியோவில் வழிகாட்டினான். டிஸ்க்குக்குப் போகும் வயரை வெட்டாதே, அதே மாதிரி எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி நடுவில் போட்டு அதை வெட்டு என்றான். மஞ்சள் வயர்தான் மோட்டாரைச் சுற்றுகிறது என்றான். மஞ்சளை வெட்டி, இரண்டு முனைகளையும் சுவிட்ச்சில் பற்றவைத்து, கம்ப்யூட்டரின் பின்தகட்டில் ஓட்டை போட்டு முடுக்கினேன். சத்தம் நின்றது. ஆனால் அன்றிலிருந்து கம்ப்யூட்டர் விழிப்பதற்கே நெடுநேரம் எடுத்தது. ஏனென்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் தேவராஜ் மாமா கூப்பிட்டார். காலனியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். "ஸ்டெல்லா, அண்ணியோட பட்டா நெனஞ்சி பூட்ச்சி. வூடு கட்ற ஸ்கீமுக்கு மனு போடணும். உங்கிட்ட காப்பி கீதான்னு பாத்து அனுப்பு" என்றார். அண்ணி என்று அவர் சொன்னது ரோசி அத்தையை. மாமாவின் அண்ணன் செத்து, அத்தை தனியாக இருக்கிறாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச்சைப் போட்டேன். டிஸ்க் சுற்றியது, திரையில் வரவில்லை. அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

"வரல மாமா. என்னமோ ஆயிடிச்சி."

"வரலியா? இன்னாம்மா, நேத்து வரைக்கும் எல்லாருக்கும் வந்துகினு இருந்துச்சி. எனக்கு மட்டும் வரலியா?" என்று போனை வைத்தார்.

ஷிஃப்ட் முடிந்து வீடியோவில் வந்த அண்ணன் விவரம் கேட்டுத் தலையில் கை வைத்தான். சிவப்பு வயரும் இருக்கிறது என்றான். அது டிஸ்க்கின் மூளைக்குப் போவது. மஞ்சளை மட்டும் நிறுத்தினால் மூளை முழித்துக்கொண்டு, உடம்பு தூங்குகிறது; அதற்காகக் காத்திருந்துதான் கம்ப்யூட்டர் விழிக்க நேரமானது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் சுவிட்ச் வேண்டும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது மட்டும்தான் அதைத் தொட வேண்டும். மறுபடி கடைக்குப் போனேன். அதே பெண். இந்த முறை எழுதிக் காட்டச் சொன்னேன். 'ட்ஸ்வைபோலிக்' என்று எழுதினாள். இரண்டு இணைப்புகளைச் சேர்த்து வெட்டுவது என்று பொருள். போன தடவையும் இதைத்தான் கேட்டாளாம். அவளிடம் போலீஸ் கதையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். "போலீஸுக்கு ஏன் பயப்படுகிறீர்கள்?" என்று நிஜமாகவே கேட்டாள். சுவிட்ச்சுக்கான காசை எடுத்து நீட்டினேன்.

மஞ்சளும் சிவப்பும் ஒரு சுவிட்ச்சுக்குள் போயின. அணைந்திருக்கும்போதே சுவிட்ச்சைப் போட்டுவிட்டு, பிறகு கம்ப்யூட்டரை எழுப்பினேன். ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. ரோசி அத்தையின் பட்டா, தாசில்தார் முத்திரையோடு தெளிவாக இருந்தது. மாமாவின் எண்ணுக்கு இணைத்தும்விட்டேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபோதுதான் கரின் கேட்டது ஞாபகம் வந்தது. அத்தைக்கே போன் போட்டேன்.

"நெனஞ்சிதா? யார் சொன்னா? டிரங்குப் பெட்டியில பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வெச்சிருக்கேன்" என்றாள் அத்தை. மாமா கேட்டார் என்றேன். "எதுக்குக் கேட்டான்னு தெரியலியே கண்ணு. நல்லதுக்கும் கேட்டிருப்பான். தெரியல."

"நா அழிச்சிடட்டுமா அத்த?"

"ஐயய்ய, அழிக்காத! அங்கியே இருக்கட்டும். ஆனா என்னக் கேக்காம யாருக்கும் குடுக்காத."

மாமாவிடம், அத்தை கேட்டால்தான் தருவேன் என்று சொன்னேன். "ஜெர்மன்காரி ஆயிட்டல்ல நீ" என்றார். இப்போது அவர் பேசுவதில்லை. அவர் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு டைஃபாய்டு வந்தபோது மேல்மருவத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர். கரினிடம் சொன்னேன். நீ செய்தது சரிதான், ஆனால் மற்றவர்களிடமும் கேட்டாயா என்றாள். அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு அனுமதி கேட்கிறேன். பாதிப்பேருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரிவதில்லை. "இன்னா ஸ்டெல்லா, எங்க மேல இன்னா கோவம்?" என்கிறார்கள்.

அப்படிப் பெயர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனபோது 'ஸ்டெல்லா' என்றும் ஒரு ஃபோல்டர் இருந்தது. நர்சிங் கல்லூரிக்கு நான் கையால் நிரப்பிய விண்ணப்பம். தற்போதைய முகவரியில் காலனி வீடு. நிரந்தர முகவரி என்ற இடத்தில், யோசிக்காமல், 'மேற்படி' என்று எழுதியிருக்கிறேன். அன்றுதான் பாஸ்போர்ட் புதுப்பிக்க ஆன்லைன் விண்ணப்பத்தோடும் உட்கார்ந்திருந்தேன். அதிலும் அதே இரண்டு பெட்டிகள். காலனி வீட்டில் இப்போது வாடகைக்கு யாரோ இருக்கிறார்கள்; அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் நிரந்தர முகவரியில் காலனி முகவரியைத்தான் அடித்தேன். கதவு எண், தெரு, அச்சரப்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டம். பின்கோடையும் விரல்கள் தானாகவே அடித்துவிட்டு நின்றன. திரையைப் பார்த்தேன். ஊர்ப்பெயருக்குக் கீழே விழுந்திருந்தது காசெல் நகரத்தின் ஐந்து இலக்கப் பின்கோடு. ஆறாவது இலக்கத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.